கிளச் கால்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் நஸீமா தினமும் எழுதச் சொன்னார். காய்ச்சல் உண்டா, முட்டி வீக்கம் எப்படி, ஒரு வரி போதுமாம். இருபது வருஷத்துக்கு மேல் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ரூட்டில் பஸ் ஓட்டுகிற திருமூர்த்தியிடம் நோட்டைக் கொடுத்தால் ஒரு வரியோடு நிறுத்துவானா? பஸ்ஸில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் என் சம்சாரம் ருக்மணி என்னைப் பேச விடமாட்டாள். இங்கேதான் பேசியாக வேண்டும்.

போன வருஷம் ஆடிக் காற்றில் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்து ரோட்டை அடைத்தது. ஆட்கள் வரும்வரை உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை ஏது? நானும் கண்டக்டர் ஜெயசீலனும் இறங்கிப் புதருக்குள் நின்று கிளைகளை இழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தால் இடது முட்டிக்குப் பின்னால் ஒரு உண்ணி. பிடுங்கி எறிந்தேன். கொஞ்ச நாளில் அந்த இடம் வட்டமாகச் சிவந்தது. படர்தாமரை என்று களிம்பு தடவினேன், மறைந்துவிட்டது. பிறகுதான் முட்டி வீங்க ஆரம்பித்தது.

ஒரு டாக்டர் தேய்மானம் என்றார். இன்னொருவர் யூரிக் ஆசிட் என்று கறியை நிறுத்தினார். எண்ணெய்க் கட்டுப் போட்டவர் வாயு என்றார். டிப்போவில் இரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் நடிப்பு என்றார்கள், அது என் காதுக்கு வந்தது. கடைசியில் கோயமுத்தூரில் இந்த நஸீமா டாக்டரம்மாதான் முட்டியிலிருந்து நீர் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி, காட்டுப் பக்கம் போவீர்களா என்று கேட்டார். உண்ணி கடித்து வந்த கிருமியாம். நம் பக்கம் அபூர்வமாம், அதனால் யாருக்கும் தோன்றவில்லையாம்.

நான்கு வாரத்துக்கு மாத்திரை. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. "முதல் ரெண்டு நாள் குளிர், காய்ச்சல், வலி எல்லாம் கூடலாம். கிருமி சாகும்போது உடம்பு படுற பாடு அது. பயந்து நிறுத்திடாதீங்க. மூச்சு முட்டினாலோ உடம்பு தடிச்சாலோ உடனே கூப்பிடுங்க" என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் அப்போது கிளச்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது முட்டி என்றால் கிளச் கால். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கால்தான் வண்டி. ஆகஸ்ட் முடிவதற்குள் டெஸ்ட் டிரைவில் தேறாவிட்டால் நிரந்தரமாக லைட் டூட்டி என்று கிளை மேலாளர் சொல்லிவிட்டார். டீசல் பங்க் பக்கத்தில் நாற்காலி போட்டு வண்டி நம்பர் எழுதுகிற வேலை. செத்தாலும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன்.

ஜூன் 4, புதன்

காலையில் இட்லி தின்று, தண்ணீர் குடித்து, மாத்திரை போட்டேன். மத்தியானத்துக்குள் பல் கிட்டித்தது. வீட்டில் இருந்த போர்வை அத்தனையும் போட்டு மூடியும் கட்டில் ஆடியது. காய்ச்சல் நூற்றி இரண்டு. முட்டிக்குள் யாரோ சம்மட்டி அடிக்கிறார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டோம். எதிர்பார்த்ததுதான், காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுங்கள் என்றார். ருக்மணிக்குக் கோபம். "நடந்துக்கிட்டிருந்த மனுசனுக்கு மருந்தக் குடுத்துக் காச்சல வரவெக்கறாங்க. இது என்ன வைத்தியமுங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 5, வியாழன்

நேற்றைவிட மோசம். வயிறு வேறு எரிகிறது. ருக்மணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இது சூட்டு மாத்திரைங்க. வெறுந் தண்ணியில போட்டா உடம்பு தாங்குமா?" எங்கள் மாட்டுப் பால், ஈயச் சொம்பில் ஆற்றியது, மாத்திரைக்குத் துணையாக ஒரு பெரிய டம்ளர். எனக்கும் ஒரு யோசனை வந்தது. வயிற்றெரிச்சலுக்கு என்று அலமாரியில் ரோஸ் கலர் மருந்து ஒன்று இருக்கிறதே, அதில் இரண்டு மூடி முதலில் குடித்துவிட்டால் வயிற்றுக்கு மெத்தை போட்ட மாதிரி ஆகும். ராத்திரியிலிருந்து அப்படியே செய்தோம்.

ஜூன் 7, சனி

அடடா, அடடா! குளிர் இல்லை, காய்ச்சல் இல்லை, வயிறு எரியவில்லை. ருக்மணியை டாக்டருக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும். மெத்தை யோசனை என்னுடையது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

நலம். ரோஸ் மருந்து, மாத்திரை, பால், தூக்கம்.

ஜூன் 19, வியாழன்

ஜெயசீலன் வந்திருந்தான். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்த பையன், என்னோடு ஏழு வருஷமாக ஒரே செட். எனக்குப் பதிலாக வந்திருக்கிற டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் சாமி கும்பிடுகிறாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மாத்திரையை எப்படி வழிக்குக் கொண்டு வந்தேன் என்று அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டான்.

வாசல் வரை அவனோடு போனேன். "அண்ணா, காலை இழுக்குறீங்களே?" என்றான்.

"வேட்டி தடுக்குதடா."

அவன் வேட்டியைப் பார்த்தான். அது மடித்துத்தான் கட்டியிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

முட்டி வீக்கம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ருக்மணி தையல் டேப்பைக் கொண்டு வந்து அளக்கட்டுமா என்றாள். என் கால் எனக்குத் தெரியாதா, போய் வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாத்திரை முடிந்தது. ருக்மணி இனிப்புக்கு ஒப்புட்டு சுட்டாள். கோயமுத்தூருக்குத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் டெஸ்ட் டிரைவ் முடித்துவிட்டு, பாஸான கையோடு போய் டாக்டர் முன்னால் நிற்கலாம் என்று இருக்கிறேன். மேலாளரிடம் பேசி வெள்ளிக்கிழமைக்கு வாங்கிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

டிப்போ மைதானத்தில் ஸ்பேர் பஸ். முன்னால் ஓட்டி, வளைத்து, ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். பழகுகிற பையன்கள்கூடச் செய்வது. மேலாளர் நின்றார், ஜெயசீலன் நின்றான், நடிப்பு என்று சொன்ன இரண்டு பேரும் நின்றார்கள்.

முன்னால் போனேன். வளைத்தேன். ரிவர்ஸுக்குக் கிளச்சை மிதித்தால் கால் பாதியில் நின்றுவிட்டது. அழுத்துகிறேன், முட்டி மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. வண்டி குதித்துப் பின்னால் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே டயர் இருந்தது. மலையில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேலாளர் திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக, "இறங்குங்க திருமூர்த்தி" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. "குறைஞ்சிருக்கணுமே. மாத்திரை விடாம போட்டீங்களா?"

"ஒரு வேளை தவறலீங்க."

"எதோட போட்டீங்க?"

ருக்மணிக்கு இந்தக் கேள்விக்காகவே வந்த மாதிரி முகம் மலர்ந்தது. "பாலோடதானுங்க டாக்டர். எங்க மாட்டுப் பாலு, தண்ணி கலக்காத பாலு. சூடு தணியோணுமுங்களே."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையுமுங்க. அப்பறம் அந்த ரோஸ் கலர் மருந்தும்."

பிறகு டாக்டர் கோபப்படாமல் சொன்னார். பாலும், அதைவிட அந்த ரோஸ் மருந்தும், மாத்திரையை வயிற்றுக்குள்ளேயே கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ரத்தத்துக்குப் போக விடாதாம். நாங்கள் நான்கு வாரம் ஒழுங்காக மாத்திரை விழுங்கியிருக்கிறோம், அதில் பெரும்பகுதி உடம்பில் சேரவே இல்லை. "குளிர் நின்னது சூடு தணிஞ்சு இல்லைங்க. அது ரெண்டு நாள்ல தானாவே நின்னிருக்கும். மருந்தும் அதோட நின்னு போச்சு. பால் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே?"

சொல்லியிருப்பார். நான் கிளச்சில் இருந்தேன்.

"பால் யார் யோசனை?"

"நாந்தானுங்க" என்றாள் ருக்மணி. "எல்லாமே நாந்தானுங்க."

நான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். அந்த அறை மின்விசிறியை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

மறுபடி முதலிலிருந்து நான்கு வாரம். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, போட்டவுடன் படுக்கக் கூடாது. பால், தயிர், மோர் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. ரோஸ் மருந்து இனி இல்லவே இல்லை. வெயிலில் நிற்கக் கூடாது. இந்த முறை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். கால் திரும்ப வருமா என்று கேட்டேன். "மருந்து உள்ளே போனா வரும்னு நம்புறேன். இன்னும் போகவே இல்லையே" என்றார். ஒரு வருஷத்தில் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் ருக்மணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நானே உங்களக் கெடுத்துப்போட்டனே."

"பாதி என்னுதுதான் புள்ள."

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பாதியா?"

கிணத்துக்கடவு வருவதற்குள் முக்கால்வாசி என்று ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலை உணவு, ஒரு சொம்புத் தண்ணீர், மாத்திரை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். காபி கேட்டால் கடுங்காப்பி வந்தது. வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. கறந்ததை முழுவதும் விடிந்தவுடனே சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். என்னை நம்பவில்லையாம். தன்னையும் நம்பவில்லையாம்.

குளிர் வந்தால் தேவலை என்று இருந்தது. வராவிட்டாலும் மருந்து வேலை செய்யும், எல்லாருக்கும் வராது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மனசு கேட்கவேண்டுமே. பதினொரு மணிக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. மத்தியானச் சோறு பிசையும்போது விரல் நடுங்கியது.

"ருக்கு! வந்துருச்சு!"

போர்வைக்குள் கிடக்கும்போது ஜெயசீலன் போன் பண்ணினான். "எப்படி இருக்கீங்கண்ணா?"

"காய்ச்சல் நூத்தி ரெண்டுடா. பல்லெல்லாம் கிட்டிக்குது. முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது. அருமையா இருக்கேன்."

அவன் போனை வைத்துவிட்டு உடனே ருக்மணிக்குப் போட்டு, அண்ணனுக்குத் தலையில் ஏதாவது ஏறிவிட்டதா என்று கேட்டிருக்கிறான்.

ஜூலை 9, புதன்

நேற்று எழுதிய வீராப்பெல்லாம் இன்று இல்லை. விடிந்ததிலிருந்து நடுக்கம், வாந்தி. மாத்திரை போட்ட பிறகு வாந்தி எடுக்காமல் இருந்ததே பெரிய காரியம். டாக்டரிடம் கேட்டோம். மூச்சு நன்றாக இருக்கிறதா, தடிப்பு உண்டா, சிறுநீர் போகிறதா என்று விசாரித்துவிட்டு, நாளை மத்தியானம் வரை பார்ப்போம், இறங்காவிட்டால் வந்துவிடுங்கள் என்றார்.

ஈரத்துணியை நெற்றியில் மாற்றிக்கொண்டே ருக்மணி சொன்னாள்: "நிறுத்திப்போடலாமுங்க. லைட் டூட்டியே போதும். நாற்காலியில உக்காந்து நம்பர் எழுதுனா எழுதறீங்க. நீங்க இருந்தாப் போதுமுங்க எனக்கு."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் பயம்தான். செத்துப்போவோம் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். அந்த நாற்காலி அப்போது அவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை.

"வளைவுல பாதி ஏறிட்டு வண்டிய நிறுத்தக் கூடாது புள்ள. பின்னாடி உருண்டுரும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. ராத்திரி மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் அவளே கொண்டு வந்து வைத்தாள். நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஜூலை 10, வியாழன்

வேர்த்தது. பனியன், போர்வை, தலையணை எல்லாம் நனைந்து, காய்ச்சல் இறங்கிவிட்டது. பசி. பச்சைப்பயிறு கடைசல் போட்டு இரண்டு தட்டுச் சோறு தின்றேன். ருக்மணி தின்றதை எண்ணிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 19, சனி

குளிக்கும்போது முட்டிச் சில்லு தெரிந்தது. ஒரு வருஷமாகப் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருந்த இடத்தில் எலும்பு! ஈரத்துண்டோடு வெளியே வந்து ருக்மணியைக் கூப்பிட்டு, டேப்பைக் கொண்டு வா, அள என்றேன். அளந்தாள். இன்னொரு காலையும் அளந்தாள். வித்தியாசம் ஒரு விரலுக்கும் குறைவு. டேப்பைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போனாள். சமையலறையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜூலை 27, ஞாயிறு

தேங்காய் போடுகிறவன் வந்தான். எண்ணுகிறேன் என்று வெயிலில் நின்றுவிட்டேன். கை இரண்டும் சிவந்து எரிகிறது. டாக்டர் சொன்னது நினைவில்தான் இருந்தது, இருந்தும் நின்றேன். ருக்மணி திட்டிய திட்டு பக்கத்துத் தோப்பு வரை கேட்டிருக்கும். இனி வெளியே போனால் முழுக்கைச் சட்டை, குடை. பொள்ளாச்சியில் குடை பிடித்துத் தேங்காய் எண்ணுகிற ஒரே ஆம்பிளை நான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்றோடு மாத்திரை முடிந்தது. ஒப்புட்டு இல்லை. அவளும் சுடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் முட்டியை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். குந்தி எழச் சொன்னார். எழுந்தேன்.

"நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச மாதத்துக்குக் காலையில் விறைப்பு இருக்கலாம், மறுபடி வீங்கினால் உடனே வர வேண்டும், புதருக்குள் போனால் வந்ததும் உடம்பைத் தேடிப் பார்க்க வேண்டும். "உங்க வேலைக்கு நான் சர்டிபிகேட் தர்றேன்."

நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "போன தடவ பால்கூட ரோஸ் மருந்து குடிச்சது என் யோசனைங்க டாக்டர், இவளுது இல்லீங்க" என்றேன். இவர் ஏன் இப்போது இதைச் சொல்கிறார் என்று டாக்டர் பார்த்தார். ருக்மணி மின்விசிறியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தேறிவிட்டேன். ரிவர்ஸை ஒரே இழுப்பில் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்தினேன். மேலாளர் கை கொடுத்தார். நடிப்பு என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் லீவாம்.

அடுத்த திங்கள் முதல் டூட்டி. காலை வண்டி, ஜெயசீலனோடு.

ஆகஸ்ட் 25, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினால், கூட்டத்தில் ருக்மணி. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலை ஏறினால் வாந்தி வரும் என்று கல்யாணமான நாளிலிருந்து என் வண்டியில் வால்பாறை வராதவள். "சும்மா, ஊரப் பாத்துட்டு வரலாம்னு" என்றாள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஆழியார் தாண்டி முதல் வளைவு. கிளச்சை மிதித்தேன். இறங்கியது. செகண்ட் கியரில் போட்டு விட்டேன், வண்டி முனகிக்கொண்டு ஏறியது. அதற்குப் பிறகு முட்டியை நினைக்கவே இல்லை. வளைவை நினைத்தேன், எதிரே வருகிற லாரியை நினைத்தேன், ரோட்டோரம் நிற்கிற வரையாடுகளை நினைத்தேன். ஒரு வருஷமாக என்னைப் பிடித்திருந்த கால் எங்கே போனது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் இரண்டு தடவை ருக்மணியைப் பார்த்தேன். முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாந்தியை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

வால்பாறை வந்து எல்லாரும் இறங்கினார்கள். அவள் மட்டும் எழவில்லை. எழப் பார்த்து, ஐயோ என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள? தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்லீங்க. காலு புடிச்சுக்கிச்சு."

ஜெயசீலன் பையை மாட்டிக்கொண்டு சிரித்தான். "புடிக்காம என்ன பண்ணும் அண்ணா? நீங்க கிளச்சை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அக்காவும் இடது காலால பலகையை மிதிச்சாங்க. நாப்பது வளைவும். நான் பாத்துக்கிட்டே வந்தேன்."

ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க காலு நின்னு போச்சுன்னா, என்ற காலாவது..." என்றாள்.

அவள் சீட்டடியில் பலகை மேலேயே உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்து, கெண்டைச் சதையை நீவிவிட்டேன்.

"ஏனுங்க, கீழ எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

திரும்பும் நேரம் வந்தது. சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்து, "இறங்கறப்ப நான் பாத்துக்கறேன், நீ காலை எடுத்துச் சீட்டு மேல வெச்சுக்க" என்றேன். முறைத்தாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடக்கிக்கொண்டாள். மலை இறங்கத் தொடங்கி இரண்டாவது வளைவு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். பொள்ளாச்சி வந்து சேரும்வரை நான் ஹாரனைக்கூட அதிகம் அடிக்கவில்லை.